மேல் லயத்தில் ஆளில்லை

ஏழாங்கட்டைத் தோட்டம்,
சுங்கை சிப்புட், பேராக்.
14.3.1982

மணி,

முதல்ல சிரிச்சு முடிச்சுக்கோ, அப்புறம் மத்ததைப் படி. செவ்வாய்க்கிழமை, அணைக்கட்டு விஷயமா வந்த வெள்ளைக்காரர் முன்னால உங்க அப்பனுடைய கால்சட்டை பின்பக்கம் டர்ருன்னு கிழிஞ்சு போச்சு. நீ பிளேன் ஏறின அன்னைக்குப் போட ஈப்போவில தைச்சோமே, அதே சாம்பல் நிறக் கால்சட்டைதான். நாலு வருஷமாத் துணி அப்படியே இருக்கு. நான்தான் வளர்ந்துட்டேன்.

அவர் பேனா கீழே விழுந்துச்சு. கூலி ஆளுங்களை மேய்க்கிற மண்டோர்னா மரியாதை தெரிஞ்சவன்னு காட்ட நான் குனிஞ்சேன். சத்தம் கேட்டு ஜீப்புக்குள்ள இருந்த டிரைவர்கூட எட்டிப் பார்த்தான். ஆபீஸ்ல கணக்கு எழுதுற பெரிய கிராணி மயில்வாகனம் ஐயா கையில இருந்த ஃபைலைப் பிடுங்கிப் பின்னால வச்சுக்கிட்டேன். அன்னைக்கு முழுக்க ஒரு கை வழி காட்ட, ஒரு கை மானம் காக்க.

நம்ம ஆத்துல அணை கட்டப்போறாங்கன்னு எழுதியிருந்தேன்ல? கடன் குடுக்கிறது நீ இருக்கிற நாடு. தண்ணி நின்னா எத்தனை மரம் முழுகும், எத்தனை மீன் சாகும், எத்தனை குடும்பம் எழும்பணும்னு பார்த்து எழுதிட்டு வாங்கன்னு அந்த அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கு. மீனை எண்ணினதுக்கப்புறம் நம்மளை எண்ண வந்தாங்க.

காலையில பெரட்டுக் களத்துல ஆளுங்க பேரைக் கூப்பிட்டு முடிச்சு நிக்கிறேன், ஜீப் சத்தம். வழக்கம்போல அங்க தொங்குற தண்டவாளத் துண்டுல மூணு தட்டு தட்டிட்டேன். உனக்குச் சொல்லணுமா? மூணு தட்டுன்னா மேல் லயத்துல இருக்கிற குடியுரிமையும் வேலை பெர்மிட்டும் இல்லாத சிவப்பு ஐசிக்காரங்க எல்லாம் புதருக்குள்ள ஓடணும். ஒரு தட்டுன்னா திரும்பி வரலாம். உங்க அத்தையும் ஓடுச்சு. அறுபதை நெருங்குற வயசுல என்ன ஓட்டம்ங்கிற, லா!

மேல் லயத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். வரிசையா இருபத்து மூணு வீட்டுக் கதவும் சாத்தியிருக்கு. நாலாம் கதவுல, அத்தை அடுப்புல மட்டும் கஞ்சி கொதிச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரர் குனிஞ்சு பார்த்து, "யார் சமைக்கிறது?"ன்னார். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, "கோஸ்ட், சார். வெரி ஹங்கிரி கோஸ்ட்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மயில்வாகனம் ஐயாவும் பல்லைக் காட்டினார், நான் அந்தப் பல்லைப் பார்த்ததே அன்னைக்குத்தான். கீழ் லயத்து ஆளுங்க வேலை நேரத்துல இங்க வந்து கஞ்சி வச்சுக்குவாங்கன்னு மீதியை அவர் சொல்லிச் சமாளிச்சார்.

அப்புறம்தான் தெரிஞ்சது, எண்ணிக்கையில வந்த குடும்பத்துக்கெல்லாம் புது தாமான் குடியிருப்புல வீடு உண்டாம். என் பேர் முதல் பேர். அத்தைகிட்டச் சொன்னேன். "அப்ப நான் பேயாவே இருந்துடுறேன், வாடகை கிடையாதுல்ல"ன்னுச்சு. கிராணிகிட்டப் பேசி மேல் லயத்துப் பேருங்களையும் சேர்த்துடலாம். நீ குளிருக்குக் காலுறை போட்டுக்கோ.

அப்பா

*

செவிலியர் விடுதி, இங்கிலாந்து
9.5.1982

அப்பா,

உங்கள் கால்சட்டைக் கதையை விடுதியில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன். அது போன மாதம்.

அந்த வெள்ளைக்காரர் எழுதிய அறிக்கை இந்த ஊர் நூலகத்திலேயே கிடைக்கிறது. யாரும் படிக்கலாம். நானும் படித்தேன். மீன்களுக்குப் பதினொரு பக்கம். ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு ஒரு பக்கம். அதில் ஒரு வரி: "மேல் டிவிஷன் லயம் கைவிடப்பட்டது. குடும்பங்கள் இல்லை."

நான் பிறந்து எட்டாம் நாள் அம்மா போனார்கள். அன்றிலிருந்து பன்னிரண்டு வயது வரை நான் நான்காம் கதவுக்குள் வளர்ந்தேன். ஆளில்லாத வீட்டில் என்னை வளர்த்தது யார், அப்பா? ஆறாம் கதவில் வீரம்மா அக்கா, இரட்டைப் பிள்ளைகள். ஒன்பதாம் கதவில் ஐயாவு மாமா, ஒரு கால் இல்லாதவர். அவர் எப்படிப் புதருக்குள் ஓடினார் என்று நீங்கள் எழுதவில்லை.

இங்கே அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறது. அணைக்குக் கடன் கொடுக்கலாமா, கொடுத்தால் காட்டுக்கும் ஆட்களுக்கும் என்ன கெடுதல் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஜூன் முப்பது வரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தமிழில் எழுதினாலும் மொழிபெயர்த்துக்கொள்வார்களாம். அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன்.

நீங்கள் எழுதுங்கள். மூன்று தட்டு தட்டியது, ஏன் தட்டியது, யார் யார் ஓடினார்கள் என்று எழுதுங்கள். இருபத்து மூன்று பெயரும் உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். அந்த அறிக்கை பொய் என்று சொல்லக்கூடியவர், அன்று அவர்களை அழைத்துக்கொண்டு போன நீங்கள் ஒருவர்தான். நான் இங்கிருந்து சொன்னால் எங்கிருந்தோ ஒரு பெண் சொல்கிறாள் என்பார்கள்.

வேடிக்கையாக எழுத வேண்டாம். ஒரு தடவை மட்டும்.

நவமணி

*

ஏழாங்கட்டைத் தோட்டம்
13.6.1982

மணி,

நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை பேனா எழுதலை. ரெண்டாவது தடவை பேனா எழுதுச்சு, நான் எழுதலை. மத்த ரெண்டு தடவையும் மழை. மழைக்கும் கடுதாசிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதே.

வேடிக்கை வேண்டாம்னியே, சரி. மூணு தட்டு தட்டினது நான்தான்னு எழுதினா, இத்தனை வருஷமா அரசாங்கத்தை ஏமாத்தி ஆளை ஒளிச்சு வச்சதும் நான்தானே? அதை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பணுமா?

மயில்வாகனம் ஐயா ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். "பத்துமலை, உம்முடைய மகள் அங்கே இருந்து என்னவும் எழுதலாம். நீர் இங்கே இருந்து எழுதினால் முதல் போறது உம்முடைய அக்காதான். எந்தக் கப்பலிலே ஏத்துவினம் எண்டு எனக்குத் தெரியாது"ன்னார்.

எனக்கும் தெரியலை. நான் இங்க பொறந்தவன், நீல ஐசி. அக்கா மூணு வயசுல இந்தியாவுல இருந்து தூக்கிட்டு வந்த பிள்ளை. பொறந்த ஊர் பேர்கூடத் தெரியாது. வீட்டுப் பக்கத்துல ஒரு கிணறு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லும். அந்த விலாசத்துக்கு எந்தக் கப்பல் போகும், மணி?

அக்காகிட்டயே கேட்டேன். "எழுதினாலும் சரி, எழுதாட்டாலும் சரி, உனக்கு எது நோகாதோ அதைச் செய்டா தம்பி"ன்னுச்சு. ஐயாவு பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, "மண்டோரே, நான் ஓடலை, என்னைத் தூக்கிட்டுப் போனாங்க, அதைக் கரெக்டா எழுதுங்க"ங்கிறான். கெஞ்சலா கேலியான்னு தெரியலை.

இன்னொரு சின்ன விஷயம். டைப் அடிச்ச தாள் ஒண்ணு குடுத்துக் கிராணி கையெழுத்துக் கேட்டார். வழக்கமானதுதான்னார். போட்டேன். நீ சொல்லிக்குடுத்த கையெழுத்து நல்லா விழுந்துச்சு.

முப்பதாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. பார்ப்போம்.

அப்பா

*

செவிலியர் விடுதி, இங்கிலாந்து
22.8.1982

அப்பா,

குழுவுக்கு உங்கள் கடிதம் வரவில்லை என்று நானே அவர்கள் முன்னால் போனேன். வார்டுத் தலைமைச் செவிலியரிடம் அரைநாள் விடுப்புக் கெஞ்சி வாங்கி, ரயிலேறிப் போனேன். நீளமான மேசை. ஏழு பேர். நல்ல மனிதர்கள், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று பெயரையும் கதவு வரிசைப்படி சொன்னேன். ஒரு அம்மாள் எழுதிக்கொண்டே வந்தார்.

தலைவர் ஒரு தாளை எடுத்தார். தோட்டத்திலிருந்து வந்ததாம். வாசித்தார்: "மேல் லயம் 1979 முதல் காலியாக இருக்கிறது. அடுப்பில் கண்ட நெருப்பு கீழ் லயத்து ஆட்களுடையது. என் மகள் தோட்டத்தை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது. அவளுக்கு எதுவும் தெரியாது."

தாளை என் பக்கம் தள்ளி, "இது உங்கள் அப்பாவின் கையெழுத்தா?" என்று கேட்டார்.

நான் எட்டாவது படிக்கும்போது சமையலறை மேசையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலக் கையெழுத்து. முதல் எழுத்தின் வயிற்றைப் பெரிதாகப் போட்டு, "இது அப்பன் தொப்பை" என்று அன்றைக்கு என்னைச் சிரிக்க வைத்தீர்கள். அதே தொப்பை.

ஆமாம் என்றேன். நன்றி, நீங்கள் போகலாம் என்றார்கள். எழுதிக்கொண்டிருந்த அம்மாள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டார். பதினான்காம் பெயர் வரைதான் எழுதியிருந்தார். அடுத்ததாக மீன்களைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் காத்துக்கொண்டிருந்தார்.

கடன் கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. பேப்பரில் பார்த்தேன். மீன்களுக்கு ஏணி போல ஒன்று கட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

நவமணி

*

புது தாமான், சுங்கை சிப்புட்
5.2.1984

மணி,

எழுத வேண்டாம்னு சொன்னே. ஒன்றரை வருஷம் எழுதலை, அதுவே எனக்குச் சாதனை. இதை நீ படிக்கணும்னு இல்லை, தபால்காரனுக்கு ஒரு வேலை.

மேல் லயத்தை இடிச்சாச்சு. குத்தகைக்காரன் ரெண்டு லாரி கொண்டு வந்தான். இருபத்து மூணு குடும்பத்தையும் சாமானோட ஏத்தி, சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் பின்னால இறக்கி விட்டுட்டுப் போயிட்டான். ஐயாவு இறங்க நேரமாச்சுன்னு பாயோட சேர்த்து இறக்கினாங்க. வீரம்மா பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் பாகான் டத்தோ பக்கம் தேங்காய் உரிக்கப் போயிடுச்சு. மத்தவங்க எங்கேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. பார்த்தா அவங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுறாங்க.

எனக்கு வீடு கிடைச்சது. சுவிட்சைத் தட்டினா விளக்கு, திருகினா தண்ணி. அணை வாசல்ல காவல் வேலையும் குடுத்திருக்காங்க. தண்ணியை யாரும் திருடாம பார்த்துக்கிறேன்.

அத்தை என்னோடதான் இருக்கு. ஆனா வீட்டுப் பத்திரத்துல குடியிருப்போர் ஒருவர்னு போட்டிருக்கு. வேற ஆள் இருந்தா வீட்டைத் திருப்பி வாங்கிக்குவாங்களாம். அதனால வண்டிச் சத்தம் கேட்டா அத்தை பின்கதவு வழியாப் புதருக்குள்ள போயிடும். மீட்டர் பார்க்க வர்றவனைக் கண்டும் ஓடுது. "அவன் மீட்டரைத்தான் பார்ப்பான் அக்கா"ன்னா, "அவனுக்கும் கண்ணு ரெண்டு இருக்குல்ல"ங்குது.

அத்தை உன்னைக் கேட்டுச்சு. நீ நல்லா இருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அப்பா

*

புது தாமான்
18.11.1984

மணி,

அத்தை போயிடுச்சு. பதினோராம் தேதி, ஈப்போ ஆஸ்பத்திரியில. இதை முதல் வரியிலேயே எழுதிடணும்னு நினைச்சேன்.

ரெண்டாம் தேதி காலையில மீட்டர் பார்க்கிறவன் மோட்டார் சைக்கிள்ல வந்திருக்கான். நான் வேலையில இருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தா பின்கதவு திறந்து கிடக்கு, அத்தை இல்லை. சோறு ஆறிப்போயிருக்கு. நல்ல மழை.

வீட்டுக்குப் பின்னால மேட்டை வெட்டி ஆழமா சிமெண்டுக் கால்வாய் போட்டிருக்காங்க, ரெண்டு பக்கமும் பெரணிச் செடி மண்டிக் கிடக்கும். அந்த மேட்டுல ஏறி இறங்கிக் கூப்பிட்டேன். அக்கா, அக்கான்னு தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு நல்லம்மாள் வந்து, "என்னண்ணே, யாரைத் தேடுறீங்க?"ன்னுச்சு. ஆட்டைத் தேடுறேன்னேன். நான் ஆடு வளர்க்கலைன்னு அதுக்கும் தெரியும்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. கையில புதர் வெட்ட எடுத்துட்டுப் போன பாராங் கத்தி இருந்துச்சு. ஆத்திரத்துல, வீட்டுச் சுவரோரம் நிக்கிற தண்ணிக் குழாயில அதோட முதுகால ஓங்கி ஒரு அடி அடிச்சேன். ஒரே ஒரு அடி.

என் காலடியில இருந்து குரல் வந்துச்சு. "வரலாமா?"

கால்வாய்க்குள்ள கிடந்துச்சு, மணி. இடுப்பு எலும்பு உடைஞ்சு, காலையில இருந்து அங்கேயே. நான் நின்னு கூப்பிட்ட இடத்துக்கும் அதுக்கும் பத்தடி இருக்காது. "ஏன்க்கா பதில் சொல்லலை? எத்தனை தடவை கூப்பிட்டேன்!"ன்னேன்.

"நீ கூப்பிடுவே. தட்டலையே"ன்னுச்சு.

ஒன்பது நாள் இருந்துச்சு. அப்புறம் நெஞ்சுல சளி கட்டிப்போச்சு. ஆஸ்பத்திரியில இறப்புப் பத்திரம் குடுத்தாங்க. குடியிருந்த விலாசம்னு எங்க வீட்டு நம்பரைப் போட்டிருக்காங்க. அத்தை ஒரு வீட்டுல குடியிருந்ததா அரசாங்கம் எழுதிக் குடுத்தது அது ஒண்ணுதான். வீட்டைத் திருப்பிக் கேட்டு யாரும் இதுவரைக்கும் வரலை. செத்துப்போன ஆளைக் குடியிருப்போர்ல சேர்க்க மாட்டாங்க போல.

அப்பா

*

இங்கிலாந்து
9.12.1984

அப்பா,

கடிதம் கிடைத்தது. வார்டில் இடுப்பு உடைந்த கிழவிகள் நான்கு பேர் இருக்கிறார்கள். தினமும் திருப்பிப் படுக்க வைக்கிறேன். அதற்கு மேல் என்னால் இப்போது எழுத முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எண்ணிக்கையில் வந்தவர்களுக்கு வீடு என்று "அப்புறம்தான் தெரிஞ்சது" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதற்கு அப்புறம்? அடுப்புக்கு முன்னாலா, பின்னாலா?

அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நவமணி

*

புது தாமான்
2.1.1985

மணி,

முன்னால.

இதோட நிறுத்திடலாம்னு பார்த்தேன். கேட்டது அவ்வளவுதானே. ஆனா நீ இன்னொரு தடவை கேட்க மாட்டே. நானும் இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

பெரட்டுக் களத்துலயே அந்த வெள்ளைக்காரர் சொன்னார். எனக்கு விளங்கணும்னு மெதுவா, விரலை நீட்டிச் சொன்னார். ஒரு குடும்பம், ஒரு வீடு. ஆறாம் வகுப்புப் படிச்சவனுக்கு அது போதாதா? அப்ப மூணு தட்டு தட்டி அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். தண்டவாளம் நாலு எட்டு தள்ளித் தொங்குது. ஒரு தட்டு தட்டினா எல்லாரும் வந்திருப்பாங்க. ஆனா தட்டணும்னா ஜீப்புல வந்தவங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பணும். பின்னால கால்சட்டை கிழிஞ்சிருக்கு.

சிரிக்காதே. இல்லை, சிரிச்சுக்கோ. உண்மை அவ்வளவு சின்னதுதான்.

மேலே போற வழியில சொல்லிடலாம்னு இருந்தேன். பெர்மிட், போலீஸ், கப்பல் எல்லாம் அப்ப என் நினைப்புலயே இல்லை. அதெல்லாம் பின்னால கிராணி சொல்லிக்குடுத்தது. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன். அவர் குடுத்த தாளையும் படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டேன். மெதுவாப் படிச்சேன். உன்னைப் பத்தின வரி வரைக்கும் படிச்சேன்.

அடுப்புக்கிட்ட நிக்கிறோம். நான் பேய்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. காலையில என்னைப் பார்த்துச் சிரிச்ச அதே ஆளுங்க, இப்ப என்னோட சேர்ந்து சிரிக்கிறாங்க. வெள்ளைக்காரர் என் தோள்ல கையைப் போட்டார். அப்பதான் பார்த்தேன், வாழைக்குப் பக்கத்துல அக்கா நிக்குது. தலையில துண்டு. கஞ்சி பொங்கிடும்னு திரும்பி வந்திருக்கும்போல. கையைப் பாதி தூக்கிக்கிட்டு என்னையே பார்க்குது. வரலாமான்னு கேட்குது. வேற யாரும் பார்க்கலை.

இப்ப கூப்பிட்டா, பேய்னு சொன்ன நான் பொய்யன். திரும்பவும் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. தலையைக் கொஞ்சம் ஆட்டினேன், வேண்டாம்னு. அக்கா கையை இறக்கிட்டுப் போயிடுச்சு. நான் சொன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு கடைசி வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்துச்சு. என்ன காரணம்னு ஒரு நாளும் கேட்கலை.

வீட்டுல எப்பவும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். மூத்தவங்களைப் பேர் சொல்றதா? ஆனா பெர்மிட் சட்டம் வர்றதுக்கு முன்னால அதோட பேர் செக்ரோல் புத்தகத்துல, வேலையாளுங்க வரிசையில, இருந்துச்சு. மண்டோர் நான்தான் தினமும் காலையில பெரட்டுல பேரைக் கத்திக் கூப்பிடணும். "இருக்கேன், மண்டோரே"ன்னு பெரிய மரியாதையாச் சொல்லிட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிக்கும். அந்த ஒரு இடத்துலதான் நான் அந்தப் பேரைச் சொல்லியிருக்கேன்.

அன்னைக்கு அடுப்புக்கிட்ட என் தொண்டையில வந்து நின்னது அக்காங்கிற வார்த்தை இல்லை, மணி. பெரட்டுல கூப்பிடுற மாதிரி, அந்தப் பேருதான். வாய் வரைக்கும் வந்துச்சு.

இருளாயி.